கீழ் வரிசையின் கடைசிக் கட்டம்

என் மகளின் குரலில் நான் என் கணவரிடம் பதினோரு மாதம் பொய் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் தெரிந்து திட்டுவதற்குப் பதில் இப்போதே திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

மகளுக்கு எட்டு வயது. பேச்சு கிடையாது. காது பிரமாதமாகக் கேட்கும். மாடி வீட்டில் யாராவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் இங்கே நிமிர்ந்து உட்காருவாள். உதடுகளை அதிரவிட்டு 'டுர்ர்ர்' என்று ஒரு சத்தம் மட்டும் போடுவாள். அதனால் அவளுக்கு அவள் அப்பா வைத்த பெயர் டுர்ரு. பார்க்கிறவர்கள் எல்லாரும் "ஐயோ பாவம்" என்பார்கள். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பாவமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிடிவாதக்காரி. என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

எனக்குத் தையல் வேலை. புதுசாகத் தைப்பதில்லை. மூன்று துணிக்கடைகள் எனக்கு மூட்டை அனுப்பும். பேண்ட்டின் நீளத்தைக் குறைப்பது, பழுதான ஜிப்பை மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது. முன்னறையில் ஜன்னல் ஓரமாக மெஷின். அதன் பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. அது டுர்ருவுடையது. மெஷின் ஓடும்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை மேல் உள்ளங்கையைப் பதித்துவைத்துக்கொள்வாள். மெஷினும் டுர்ர் என்னும், இவளும் டுர்ர் என்பாள். ஒரு நாளில் எங்கள் வீட்டில் நடக்கிற நீளமான உரையாடல் அதுதான்.

அவர் கப்பலில் சமையல்காரர். சரக்குக் கப்பல், இருபத்திரண்டு ஆட்கள், மூன்று வேளை. ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு என்றுதான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. போன முறை வந்தபோது அந்த இரண்டு மாதமும் டுர்ரு அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் மண்டியிட்டுக் கையை நீட்டினால் சுற்றிக்கொண்டு போவாள். மனுஷர் ஒரு ரயில் பொம்மை வாங்கி வந்தார். அவள் அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கிளம்புகிற அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் வீட்ல இருந்தாலும் இல்லாட்டியும் அவளுக்கு ஒண்ணுதாம்மா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பது மாதம் முடிந்தது. அவர் வரவில்லை. ஒரு கப்பலில் இருந்து இறங்கிய துறைமுகத்திலேயே இன்னொரு கப்பலில் ஏறிவிட்டார். "ஆள் பத்தலையாம், கெஞ்சினாங்க" என்றார் போனில். கெஞ்சியிருக்கலாம். ஆனால் அவர் யாருடைய கெஞ்சலுக்கும் அவ்வளவு சுலபமாக மசிகிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

இதற்கிடையில் வீட்டுக்குப் பலகை வந்திருந்தது. டேப்லெட்தான், பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர் அதைப் பலகை என்பார், நாங்களும் அப்படியே. திரை முழுக்க அறுபது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், கீழே ஒரு சொல். தொட்டால் ஒரு சின்னப் பெண்ணின் குரல் அந்தச் சொல்லைச் சொல்லும். வா, போ, தா, இன்னும், போதும், வேண்டாம், தண்ணீர், லைட். எந்தக் கட்டத்தையும் இடம் மாற்றக் கூடாது என்பது டீச்சரின் முதல் சட்டம். நமக்கு நாக்கு எப்படியோ, அவளுக்கு அந்த இடங்கள் அப்படி. இரண்டாவது சட்டம், நாங்களும் அதைத் தொட்டுத் தொட்டு அவளிடம் பேச வேண்டும். யாரும் பேசாத வீட்டில் எந்தப் பிள்ளை பேசும்? மூன்றாவது, அவள் விரலை நாம் பிடித்து அமுக்கக் கூடாது. அவளுக்காக நாம் பேசவும் கூடாது.

முதல் நாலு மாதம் ஒன்றுமே இல்லை. ஐந்தாவது மாதம் ஒரு சாயங்காலம் விளக்கைப் பார்த்துவிட்டு வந்து 'லைட்' என்று அமுக்கினாள். நான் கத்தரிக்கோலைக் கீழே போட்டேன். அதற்குப் பிறகு 'வேண்டாம்' வந்தது. வந்தது என்றால் அப்படியொரு வருகை. குளிக்க வேண்டாம், தலை சீவ வேண்டாம், பால் வேண்டாம். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், சாப்பாட்டுக்கு முன்னாலேயே முப்பத்தாறு. வாயே இல்லாத பிள்ளை இவ்வளவு வாயாடியாக இருப்பாள் என்று யார் கண்டது?

ஆனால் 'அம்மா' கட்டத்தை மட்டும் அவள் தொட்டதில்லை. நான்தான் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறேனே, எதற்காகக் கூப்பிட வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். சில நாள் வேண்டுமென்றே பக்கத்து அறையில் போய் நின்றுகொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பேன். கூப்பிட மாட்டாள். தானே தேடி வந்து, நான் எங்கோ மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். என் பொருள் எது கிடந்தாலும் அதை என்னிடம் சேர்த்துவிடுவது அவள் வழக்கம்.

அவர் வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிடுவார். கப்பலில் படம் வராது, குரல் மட்டும்தான். அதுவும் விட்டுவிட்டு வரும். முதலில் என்னிடம், "என்ன வேணும், சொல்லு" என்பார். "இங்க எல்லாம் நல்லாதான் இருக்கு, நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க" என்பேன். இது எங்கள் இருவருக்கும் மனப்பாடம். பிறகு, "டுர்ருகிட்ட குடு" என்பார்.

அவளை மடியில் உட்காரவைத்து, பலகையை முன்னால் வைத்து, போனை ஸ்பீக்கரில் போடுவேன். "டுர்ரு, அப்பாடா. எதாவது சொல்லேன்." அவள் ஜன்னலைப் பார்ப்பாள். அவர் காத்திருப்பார். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம், யாரோ கூப்பிடும் சத்தம். ஒரு வெள்ளிக்கிழமை மூன்று நிமிஷம் காத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு மெதுவாக, "பரவால்ல விடு, தூக்கம் வருதோ என்னவோ" என்றார். மதியம் ஒரு மணிக்கு என்ன தூக்கம்?

அன்று சாயங்காலம் உட்கார்ந்து, கீழ் வரிசையில் காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில் அவருடைய போட்டோவைப் போட்டேன். தொட்டால் வரவேண்டியதை எழுதினேன்: "அப்பா, எப்ப வருவீங்க?" முழு வாக்கியமாக வைக்காதீர்கள், தனித்தனிச் சொல்லாகக் கொடுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எனக்கு அன்றைக்குச் சட்டமெல்லாம் ஏறவில்லை.

அடுத்த வெள்ளி. அவர் காத்திருந்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். நான் தொட்டேன்.

"அப்பா, எப்ப வருவீங்க?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு மூச்சு கேட்டது. "ஏய்... அவளா?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அதை நன்றாகத் தெரிந்தே கோட்டைவிட்டேன். "அவதாங்க" என்றேன். அவர் அழுதார். பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், அந்த மனுஷர் அழுது நான் கேட்டதில்லை.

பிறகென்ன, வாராவாரம் நடந்தது. அவர் அதற்காகவே கூப்பிட ஆரம்பித்தார். "இன்னைக்கு என் பொண்ணு என்ன கேக்கப் போறா?" என்பார். நான் தொடுவேன். "சீக்கிரம் வந்துடறேன்டா கண்ணு" என்பார், காது குளிரக் கேட்டுவிட்டு. டீச்சரே தொட்டுப் பேசிக்காட்டச் சொல்லியிருக்கிறாரே, நான் பேசிக்காட்டுகிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். டுர்ரு என் மடியில் உட்கார்ந்து என் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதினோராவது மாதம் அவர் அந்தக் குண்டைப் போட்டார். "இன்னும் ஒரு வருஷம் இருன்னாங்க. முடியாதுன்னுட்டேன். என் பொண்ணு கூப்பிடறான்னேன். கேப்டன் எந்திரிச்சுக் கையைக் குலுக்கறாரும்மா. பதினேழாம் தேதி வீட்ல இருப்பேன். இனிமே கடலே வேண்டாம். எவ்வளவோ ஓட்டல் இருக்கு, எங்கயாவது சேந்துக்கறேன்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு பேண்ட்டை அளவு மாற்றி வெட்டிவிட்டேன். நெட்டையான ஆளுடையதைக் குட்டையாக வெட்டினால் ஒட்டவா முடியும்? அப்படிச் சந்தோஷம். சந்தோஷம் ஒரு மணி நேரம்தான். அவள் கூப்பிட்டாள் என்றுதானே வருகிறார். வந்து அவள் முன்னால் உட்கார்ந்து, கேள் என்பார். அவள் ஜன்னலைப் பார்ப்பாள். அப்புறம் அவர் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு அதே சிரிப்பைச் சிரிப்பார். அந்தத் தடவை திரும்பி வருவாரா?

பத்தொன்பது நாள் இருந்தது. அதற்குள் அவளை அந்தக் கட்டத்தைத் தொடவைத்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். பிஸ்கட்டைக் காட்டினேன். பலகையை அவள் முன்னால் வைத்து, அவர் போட்டோவைக் காட்டி, "தொடு, டுர்ரு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். அதைக் கொண்டுபோய் அந்தப் போட்டோ மேல் வைத்தாள். "அப்பா, எப்ப வருவீங்க?" என்றது பலகை. வேலை முடிந்ததுபோல அவள் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

நாளுக்குப் பத்துத் தடவை இதே கதை. நான் என் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டால் சுற்றிவந்து விரலைத் தேடி எடுப்பாள். தலைகீழாக நின்று பார்த்தேன். ஒன்பதாம் நாள் கத்திவிட்டேன். அவள் 'வேண்டாம்' என்று அமுக்கினாள். ஒரு தரம் இல்லை, நான் வாயை மூடுகிறவரைக்கும்.

மறுநாள் டீச்சரிடம் அழைத்துப் போனேன். சின்ன அறை, சுவர் முழுக்கப் படங்கள், குட்டி நாற்காலிகள். சும்மா ஒரு சந்தேகம் கேட்கிறமாதிரி, "இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் சோம்பேறித்தனம் பண்றா மேடம்" என்றேன். அவர் டுர்ருவின் முன்னால் பலகையை வைத்தார். போட்டோவைத் தொட்டுக் காட்டினார். அவள் அறையைக் கடந்து வந்து என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "இதை யார் அமுக்கிட்டிருந்தது?"

எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளிக்கிழமைகள், போன், பதினேழாம் தேதி.

"சோம்பேறித்தனம் இல்லைங்க" என்றார். "அது உங்களோடதுன்னு நெனச்சிருக்கா. உங்க கண்ணாடியைக் கொண்டு வந்து குடுக்கறான்னு சொல்லுவீங்க இல்ல? அதே மாதிரிதான். இது அம்மாவோட பேச்சு, அம்மாதான் பேசணும்." மேஜையில் கிடந்த பட அட்டைகளைக் கையில் எடுத்தார். அவருக்குக் கோபம் என்பது அவர் படங்களை அடுக்கிய வேகத்தில் தெரிந்தது. "அவளுக்குன்னு இருக்கறது இந்தப் பலகை ஒண்ணு. அதுலயும் நீங்க புகுந்து பேசிட்டா, அவ எங்கதாங்க பேசுவா?"

நான் பலகையைப் பைக்குள் வைத்தேன். "அவர்கிட்ட சொல்லிடுங்க. வர்றதுக்கு முன்னாடியே" என்றார்.

சொல்லத்தான் நினைத்தேன். அடுத்த வெள்ளி அவர் கூப்பிட்டதும், "ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "நேர்ல சொல்லு, நேர்ல சொல்லு! நான் இப்ப கடைசியா இந்த அடுப்பைத் தேச்சுட்டிருக்கேன்" என்றார். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் நான் எப்படி மண்ணை அள்ளிப் போடுவது? அன்று "டுர்ருகிட்ட குடு" என்றபோது, அவள் மாடியில் இருக்கிறாள் என்று இன்னொரு பொய் சொன்னேன்.

பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு வந்தார். இளைத்திருந்தார். பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு நேராக முன்னறைக்கு வந்து, மெஷின் பக்கத்தில் கண்ணில் பட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீல நாற்காலி. டுர்ரு கதவோரம் நின்று பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தாள். பிறகு பலகையை எடுத்து வந்து, இரண்டு கை தூரத்தில் நின்று, ஒரு கட்டத்தை அமுக்கினாள்.

"போ."

அவர் என்னைப் பார்த்தார். "எங்கிட்டயா சொல்றா?"

"அது அவ நாற்காலிங்க."

துள்ளி எழுந்தார். "பேசறா பாரு! எங்கிட்ட பேசறா!" என்று சிரித்தார். அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் தரையில் சம்மணம் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி இருந்தது.

"இப்ப கேளுடா கண்ணு. போன்ல கேப்பியே, அதைக் கேளு. அப்பா இந்தத் தடவை வேற பதில் வெச்சிருக்கேன்."

அவள் பலகையைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். எனக்கு ஒரு கணம் பைத்தியக்காரத்தனமாக நம்பிக்கை வந்தது. தொட்டுவிடு, என் கண்ணே, ஒரே ஒரு தடவை தொட்டுவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவள் நாற்காலியில் இருந்து இறங்கினாள். என்னிடம் வந்தாள். என் விரலைப் பிடித்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அதைக் கொண்டுபோய் பலகையில் இருந்த அவர் முகத்தின் மேல் வைத்தாள்.

"அப்பா, எப்ப வருவீங்க?"

வெட்கப்படுகிறாள் என்று சொல்லியிருக்கலாம். பயணத்தில் களைத்த மனுஷர், நம்பியிருப்பார். ஆனால் அவள் என் விரலை இன்னும் விடவில்லை.

"நான்தாங்க" என்றேன். "எல்லாத் தடவையும் நான்தான்."

"ஒரு தடவைகூட அவ..."

"ஒரு தடவைகூட இல்ல."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். அவருக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவார். நான் கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினார். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பெட்டியை அவர் இன்னும் திறக்கவில்லை என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். டுர்ரு மேஜையில் கையை வைத்து, மெஷின் ஏன் ஓடவில்லை என்று பார்த்தாள்.

ஈரக் கையோடு வந்து நின்றார். கத்துவார் என்று நினைத்தேன்.

"உனக்கு வாய் இருக்கில்ல?" என்றார். "வாராவாரம் உன்கிட்டதான் மொதல்ல கேட்டேன், என்ன வேணும்னு. எல்லாம் நல்லாதான் இருக்குன்ன. உடம்பைப் பாத்துக்கோங்கன்ன. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எப்ப வருவீங்கன்னு நீ கேட்டிருக்கியா?"

இருபது மாதமாக நான் விழுங்கியது கொஞ்சமா? கேட்டால் நீங்கள் வராமல் போனால் என்ன செய்வேன் என்றுதான் கேட்கவில்லை. பிள்ளை கேட்டு வராவிட்டால் அது கப்பலின் குற்றம். நான் கேட்டு வராவிட்டால்? இதையெல்லாம் சொல்ல நினைத்தேன். "யார் கேட்டதுங்கறதுதாங்க பொய். கேட்டது பொய் இல்ல" என்று மட்டும்தான் வந்தது.

"அப்ப இப்ப கேளு" என்றார். "வாயால கேளு."

எட்டு வருஷமாக ஒரு வார்த்தைக்காக என் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என் வாய் திறக்கவில்லை. "எப்ப" என்றேன், மீதி வரவில்லை. அவர் காத்திருந்தார். போனில் காத்திருந்தது போலவே, அவசரப்படுத்தாமல் நின்றார். கடைசியில் என் காதுக்கே கேட்காத குரலில், "எப்ப வருவீங்க?" என்றேன்.

"வந்துட்டேன்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதற்கும் லாயக்கில்லாமல் இருந்தோம்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அவர் இரண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டலில் வேலை செய்கிறார். அந்தக் கடைசிக் கட்டத்தில் அவர் போட்டோ அப்படியே இருக்கிறது. தொட்டால் இப்போது 'அப்பா' என்று மட்டும் சொல்லும். சொல்லும் என்று நினைக்கிறேன், இதுவரை அதை யாரும் தொடவில்லை. நான் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். அவர் பலகையை ஆஃப் செய்து துடைக்கும்போது அந்த மூலையில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் துடைப்பார்.

எங்கள் வீட்டில் இன்னும் நாலு நாற்காலி இருக்கிறது. ஆனாலும் அவர் தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து அந்த நீல நாற்காலியில்தான் உட்காருவார். ஒன்றும் தெரியாதவர் மாதிரி தெருவைப் பார்ப்பார். டுர்ரு பலகையோடு வந்து, "போ" என்பாள். எழுந்துகொள்வார். அந்த ஒரு சொல்லுக்காக மனுஷர் அவ்வளவு நடிக்கிறார்.

நேற்று அவர் குளித்துவிட்டு வர நேரமாகிவிட்டது. நான் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். டுர்ரு வந்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் உட்காரவில்லை. பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றாள். மெஷின் ஓடியது, அவள் மேஜையில் கைகூட வைக்கவில்லை. குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, வழக்கம்போல உட்கார்ந்தார்.

"போ" என்றாள்.

அவர் எழுந்துகொண்டார்.